‘ஒரு அட்வைஸும் சொல்லலையே!’ - நாலைந்து அமர்வுகளில் முடியும் கவுன்சலிங்கில் என்னதான் நடக்கும்?

மந்தைவெளியில் வீடு. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. வயது 42. பிளஸ் டூ படிக்கும் மகனோடு தினமும் ராத்திரி போன் விஷயமாகச் சண்டை. கணவர் வேலை முடிந்து வீடு வர பதினோரு மணியாகிவிடும். சண்டை முடிந்த பிறகு தூக்கம் வருவதில்லை. தோழி ஒருவர் சொன்னதைக் கேட்டு, லஸ் கார்னர் பக்கம் ஒரு மாடியறையில் இருக்கும் கவுன்சலரைப் போய்ப் பார்க்கிறார். ஐம்பது நிமிடம் கழித்துப் படியிறங்கும்போது அவர் மனதில் ஓடுவது இதுதான்: “காசு கொடுத்துட்டு வந்தோம். ஒரு அட்வைஸும் சொல்லலையே! நம்மகிட்டயே கேள்வி கேட்டு அனுப்பிட்டாங்களே!”

இந்தப் பெண் கற்பனைதான். விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட உதாரணம். ஆனால், அவருடைய ஏமாற்றம் நிஜத்தில் யாருக்கும் வரக்கூடியது. நம் ஊரில் கஷ்டம் என்று ஒருவரிடம் போனால், அவர் வழி சொல்வார் என்பதுதான் பழக்கம். டாக்டர் மருந்து எழுதுவார், ஜோசியர் பரிகாரம் சொல்வார், பெரியப்பா புத்திமதி சொல்வார். இங்கே மட்டும் வரிசையாகக் கேள்விகள். ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று முதல் அமர்வோடு நின்றுவிட்டால், அடுத்த முறை உதவி தேடிப் போகவே மனம் வராது.

அந்த மாடியறையில் நடந்தது, ‘சொல்யூஷன் ஃபோகஸ்டு பிரீஃப் தெரபி’ எனப்படும் சிகிச்சை முறை. தமிழில் தீர்வு சார்ந்த குறுகிய கால உளவியல் சிகிச்சை எனலாம். இதில் கேள்விகள்தான் சிகிச்சை. எதற்காக அப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

எங்கிருந்து வந்தது இந்த முறை?

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1978-ல் தொடங்கப்பட்ட ‘பிரீஃப் ஃபேமிலி தெரபி சென்டர்’ என்ற சிறிய மையத்தில் உருவானது இது. ஸ்டீவ் டி ஷேசர், கொரியாவில் பிறந்த அவரது மனைவி இன்சூ கிம் பெர்க் ஆகியோரும் அவர்களது சகாக்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். ஒருவர் பேச, மற்றவர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார்கள். எந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவரிடம் மாற்றம் தெரிகிறது, எது வீண் பேச்சாகப் போகிறது என்று குறித்து வைத்துக்கொண்டே போனார்கள். பலன் தராதவற்றைக் கைவிட்டார்கள். மிஞ்சியதுதான் இந்த முறை.

அவர்கள் கவனித்த ஒரு விஷயம் முக்கியமானது. எந்தப் பிரச்சினையும் இருபத்து நாலு மணி நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. தினமும் சண்டை என்று சொல்பவர் வீட்டிலும், சண்டை வராத ஒரு நாள் இருக்கும். அந்த நாளில் என்ன வேறாக நடந்தது என்று கண்டுபிடித்தால், அதையே இன்னும் கொஞ்சம் அதிகம் செய்யலாம். ‘ஏன் இப்படி ஆனது’ என்று ஆண்டுக்கணக்கில் தோண்டாமலேயே சிலருக்கு வழி பிறக்கிறது. இந்த முறையின் அடிப்படை இவ்வளவுதான்.

முதல் அமர்வில் என்ன கேட்பார்கள்?

பொதுவாக 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை இருக்கும். பிரச்சினையைக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் சின்ன வயதிலிருந்து கதை சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. கொஞ்ச நேரத்திலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

“இன்னிக்கு இங்க வந்து பேசினது பிரயோஜனமா இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நம் உதாரணப் பெண் சொல்கிறார்: “என் பையன் மாறணும், டாக்டர்.”

“நான் டாக்டர் இல்லைங்க, மருந்து எழுத மாட்டேன். பையன் மாறிட்டா, உங்களுக்கு என்ன வித்தியாசம் இருக்கும்?”

இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இப்படி வரும்: “அப்பாயின்ட்மென்ட் வாங்கினதுக்கும் இன்னிக்கும் நடுவுல ஏதாவது கொஞ்சம் பரவாயில்லைன்னு இருந்துச்சா?” இது சும்மா பேச்சுக்குக் கேட்பது அல்ல. மில்வாக்கி குழு 1987-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், இப்படிக் கேட்கப்பட்ட 30 பேரில் 20 பேர், முதல் அமர்வுக்கு வருவதற்கு முன்பே ஏதோ ஒரு நல்ல மாற்றம் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். யாரும் கேட்காவிட்டால் அது கண்ணில் படாமலேயே போயிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கும் யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வருகிறது. “செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போயிடுச்சு. ரெண்டு பேரும் மொட்டை மாடில உக்காந்திருந்தோம். அவனா கிரிக்கெட் பத்திப் பேச ஆரம்பிச்சான்.”

“அன்னிக்கு நீங்க என்ன வேற மாதிரி பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலையே... மார்க்கைப் பத்தி எதுவும் கேக்கலை. அவ்ளோதான்.”

கவுன்சலர் அந்த இடத்தில்தான் பேனாவை எடுப்பார்.

அதிசயம் நடந்தால்?

இந்த முறையின் பெயர்பெற்ற கேள்வி ஒன்று உண்டு. அதன் பின்னால் ஒரு கதையும் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில், வாழ்க்கை கைமீறிப் போய்விட்டதாக நொந்துபோய் வந்த ஒரு பெண்ணிடம், என்ன மாறினால் உதவியாக இருக்கும் என்று இன்சூ கிம் பெர்க் கேட்டார். ஏதாவது அதிசயம் நடந்தால்தான் உண்டு என்ற பொருளில் அவர் அலுத்துக்கொண்டார். சரி, அப்படி ஓர் அதிசயம் நடந்துவிட்டால் என்ன தெரியும் என்று பெர்க் திருப்பிக் கேட்க, அந்தப் பெண் தான் விரும்பும் வாழ்க்கையை விவரிக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து அது ஒரு முறையான கேள்வி ஆனது.

லஸ் மாடியறையில் அது இப்படி இருக்கும்: “இன்னிக்கு வீட்டுக்குப் போறீங்க. சமையல், பாத்திரம் எல்லாம் முடிச்சிட்டுப் படுத்துடறீங்க. தூங்கும்போது ஒரு அதிசயம் நடக்குது. நீங்க இங்க கொண்டுவந்த பிரச்சினை தீர்ந்துபோச்சு. தூங்கிட்டதால அது உங்களுக்குத் தெரியாது. காலையில எழுந்ததும், முதல்ல எதைப் பாத்து ‘ஏதோ மாறியிருக்கே’ன்னு நினைப்பீங்க?”

“அவன் ஒழுங்கா படிப்பான்.”

“காலையில எழுந்த உடனே அது எப்படித் தெரியும்?”

கொஞ்சம் யோசனை. “அவனா எழுந்து வந்து காபி கேப்பான். இப்பல்லாம் நான் நாலு தடவை கத்தணும்.”

“அவனா வந்து கேட்டா, நீங்க என்ன பண்ணுவீங்க?”

“சிரிச்ச முகமா குடுப்பேன்னு நினைக்கிறேன்.”

“நீங்க சிரிச்ச முகமா குடுக்கறதைப் பாத்து அவன் என்ன பண்ணுவான்?”

“பயந்துடுவான்!” வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் சிரிக்கிறார்.

‘பையன் மாறணும்’ என்று தொடங்கிய பேச்சு, காபி கொடுக்கும் முகத்துக்கு வந்துவிட்டது. மகன் மாறும்வரை காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே அவர் செய்து பார்க்கக்கூடிய ஒன்று அது.

இந்தக் கேள்விக்கு எல்லோரும் இப்படிப் பதில் சொல்லிவிடுவதில்லை. “அதிசயமெல்லாம் சாமிதான் செய்யணும்” என்பவர்கள் உண்டு. கவுன்சலர் மறுக்கமாட்டார், “சரி, சாமியே செஞ்சதா வெச்சுப்போம்” என்று தொடர்வார். “இறந்துபோன அம்மா திரும்பி வந்துடுவாங்க” என்று ஒருவர் அழலாம். அங்கே அவசரமாகத் தீர்வுக்குத் தாவுவது தவறு. அந்த இழப்போடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அம்மா இருந்தபோது வாழ்க்கையில் இருந்த எது இப்போது மிகவும் தேவைப்படுகிறது என்று மெதுவாகக் கேட்பதுதான் தேர்ந்தவரின் வழி.

நம்பர் எதற்கு?

“0-ன்னா நீங்க போன் பண்ணி அப்பாயின்ட்மென்ட் வாங்கின அன்னிக்கு இருந்த நிலைமை. 10-ன்னா அந்த அதிசயம் நடந்த மறுநாள். இப்ப எங்க இருக்கீங்க?”

“மூணு.”

“எப்படி மூணு? ஏன் 0 இல்லை?”

கேட்கவே விசித்திரமாக இருக்கும். ஏன் 10 இல்லை என்று கேட்டால் குறைகள் பட்டியலாக வரும். ஏன் 0 இல்லை என்று கேட்டால், ஏற்கெனவே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயங்கள் வெளியே வரும். அடுத்த கேள்வி, நாலுக்குப் போனால் என்ன தெரியும் என்பது. பத்துக்கு எப்படிப் போவது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் உள்ளவர்களையும் இந்தக் கேள்விக்குள் கொண்டுவருவார்கள். “உங்க மாமியார்கிட்ட கேட்டா என்ன நம்பர் சொல்வாங்க?” என்றால், “அவங்களா? மைனஸ்ல சொல்வாங்க” என்று பதில் வரலாம். ஆனால், “அவங்க கண்ணுக்கு ஒரு நம்பர் ஏறினதா தெரியணும்னா என்ன நடக்கணும்?” என்ற கேள்வி, தன்னை வெளியிலிருந்து பார்க்க வைக்கும்.

அமர்வு முடியும் முன் கவுன்சலர் ஐந்து நிமிடம் இடைவெளி எடுத்துக்கொள்ளலாம். எழுந்து வெளியே போனால் பதற வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குழுவோடு கலந்துபேசிவிட்டு வந்த மில்வாக்கி காலத்து வழக்கம் அது. திரும்பி வந்து, நீங்கள் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருப்பவற்றைக் குறிப்பிட்டுச் சொல்வார். பிறகு சின்னதாக ஒரு வீட்டுப்பாடம். முதல் வாரத்தில் பெரும்பாலும் எதையும் மாற்றச் சொல்லமாட்டார்கள். ‘வீட்டில் எதெல்லாம் இப்படியே தொடர்ந்தால் நல்லது என்று தோன்றுகிறதோ, அதைக் கவனித்துக்கொண்டு வாருங்கள்’ என்பார்கள். நோட்டில் எழுதினாலும் சரி, போனில் குறித்தாலும் சரி.

இரண்டாவது அமர்வுக்குப் பிறகு?

அடுத்த அமர்வு, “என்ன பரவாயில்லைன்னு இருந்துச்சு?” என்ற கேள்வியோடுதான் தொடங்கும். நம் உதாரணத்தில் நம்பர் 5. இரண்டு நாள் காலையில் எதுவும் கேட்காமல் காபியை வைத்துவிட்டு நகர்ந்திருக்கிறார். ஒரு நாள் மகனே, “என்னம்மா, கோவமா?” என்று கேட்டிருக்கிறான்.

மூன்றாவது அமர்வில் நம்பர் 2-க்கு இறங்குகிறது. ரிவிஷன் பரீட்சை மார்க் வந்துவிட்டது. வீட்டில் பெரிய ரகளை. ‘எல்லாம் வீணாப்போச்சு’ என்று பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். கேள்வியும் இங்கே மாறும்: “இவ்வளவு நடந்தும், இன்னும் மோசமாகாம எப்படிச் சமாளிச்சீங்க?” அன்று ராத்திரி சண்டையை நிறுத்திவிட்டு அவர் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்ததும், அரை மணி நேரத்தில் மகன் வந்து பக்கத்தில் நின்றதும் அப்போதுதான் பேச்சில் வருகிறது. சரிவு எல்லோருக்கும் வரும். அதிலிருந்து எப்படி எழுந்தார் என்பதையும் அவரே கவனிக்க வேண்டும்.

எத்தனை அமர்வு? உண்மையிலேயே பலன் உண்டா?

முன்கூட்டியே எண்ணிக்கை குறிப்பது கிடையாது. மூன்றிலிருந்து எட்டு அமர்வுகளுக்குள் பலருக்கு முடிந்துவிடும். முன்னேற்றம் தெரியத் தெரிய, வாரம் ஒரு முறை என்பது இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆகும். ‘10 எல்லாம் வேண்டாம், 7 வந்தா போதும், மத்ததை நானே பாத்துப்பேன்’ என்று வந்தவரே சொல்லும்போது நிறுத்திக்கொள்ளலாம். கைக்காசு செலவழித்து, கடையில் பர்மிஷன் போட்டுவிட்டு வருபவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2013-ல் ஜின்ஜெரிச், பீட்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள், ஒப்பீட்டு முறையில் நடந்த 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 32 ஆய்வுகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரிந்தது. பெரியவர்களின் மனச்சோர்வு விஷயத்தில் ஆதாரம் வலுவாக இருந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்லாந்தின் ஹெல்சின்கியில் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு உள்ள 326 பேரை வைத்து ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு அதிகபட்சம் 12 அமர்வுகள் கொண்ட தீர்வு சார்ந்த சிகிச்சை. வேறொரு பிரிவினருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும் ஆழ்மன ஆய்வு முறை சிகிச்சை. முதல் ஆண்டில் குறுகிய கால சிகிச்சை பெற்றவர்கள் வேகமாகத் தேறினார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் நீண்ட சிகிச்சை பெற்றவர்கள் முந்தியிருந்தார்கள். சீக்கிரம் எழுந்து நடக்க குறுகிய முறை உதவுகிறது. வேரோடிய சிக்கல்களுக்கு நாள் பிடிக்கும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ‘நாலே செஷன்ல எல்லாம் சரியாகும்’ என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

யாருக்கு இது மட்டும் போதாது?

* காதில் குரல் கேட்பது, காரணமில்லாத கடும் சந்தேகம், பல நாள் தூங்காமலேயே அதீத உற்சாகத்தோடு இருப்பது போன்ற நிலைகளில் முதலில் பார்க்க வேண்டியது மனநல மருத்துவரை. கேள்வி-பதில் இங்கே மருந்துக்கு மாற்று ஆகாது.

* தினமும் அதிக அளவில் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் போன்ற உயிராபத்தான நிலை வரலாம். மருத்துவக் கண்காணிப்பு அவசியம். அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை இதற்கெனவே உள்ளது.

* வீட்டில் அடி, உதை வாங்கும் பெண்ணிடம் ‘நீங்க என்ன வேற மாதிரி பண்ணலாம்?’ என்று கேட்பது, பழியை அவர் மேலேயே போடுவதாக ஆகிவிடும். அங்கே முதல் தேவை பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181.

* தற்கொலை எண்ணம் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். ராஜா அண்ணாமலைபுரத்தில், டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050.

நல்ல கவுன்சலர், முதல் அமர்விலேயே தூக்கம், சாப்பாடு, சாகத் தோன்றுகிறதா என்பதையெல்லாம் நேரடியாகக் கேட்பார். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பார்க்கச் சொல்வார். இரண்டும் சேர்ந்து நடப்பதில் தவறே இல்லை.

போவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

‘கவுன்சலர்’ என்ற பலகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கலாம். கவுன்சலர் என்றால் என்ன படித்தார், எத்தனை ஆண்டு அனுபவம், இந்த முறையில் பயிற்சி பெற்றிருக்கிறாரா என்று போனிலேயே கேளுங்கள். கட்டணம் எவ்வளவு, கேன்சல் செய்தால் பணம் உண்டா, ஆன்லைனில் பேச முடியுமா என்பதையும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளலாம். அடுத்தடுத்துச் சுவர் இருக்கும் ஃபிளாட்டில் வசிப்பவர்கள், ஆன்லைன் அமர்வுக்குத் தனி இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சொல்வது வெளியே போகுமா என்ற பயம் இயல்பானது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே அங்கீகரிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளிகள் பிரிவும் இருக்கின்றன. இந்தக் குறிப்பிட்ட முறையில்தான் பேசுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால், எந்த உதவி தேவை என்பது அங்கே தெரிந்துவிடும்.

இரண்டு, மூன்று அமர்வு போயும் பிடிபடவில்லை என்றால் அதையும் கவுன்சலரிடமே சொல்லலாம். ‘நீங்க சீக்கிரம் தீர்வுக்குப் போயிடறீங்க, எனக்கு நடந்ததை இன்னும் கொஞ்சம் சொல்லணும்’ என்பது முறையான கோரிக்கை. இந்த முறையின் மீதே அப்படி ஒரு விமர்சனம் உண்டு. வேறு முறைக்கோ, வேறு ஆளிடமோ அனுப்பி வைப்பது அவர் கடமை.

நம் மந்தைவெளிப் பெண் ஐந்தாவது அமர்வோடு முடித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்பர் 7. மகனின் கையில் இன்னும் போன் இருக்கிறது. மார்க் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. சண்டை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நடக்கிறது. ஆனால் சண்டை தொடங்கும்போது எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிகிறது, ராத்திரியில் தூக்கமும் வருகிறது. “இதையெல்லாம் நீங்க சொல்லிக் குடுக்கவே இல்லையே, மேடம்” என்று கிளம்பும்போது அவர் சொல்லலாம். முதல் நாள் குறையாகச் சொன்ன அதே விஷயம்தான். இப்போது அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.